புற ஊதா விளக்கு முதலில் கடைக்கு வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி அமைப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பவளமும் கடல்மீனும் சேர்ந்து வாழும் தொட்டியைப் பற்றித் தமிழில் எழுதுவோர் குறைவு என்பதால், உப்பளவு, வெப்பநிலை, கழிவை நுரையாக்கி நீக்கும் ஸ்கிம்மர், விளக்கு என்று ஒவ்வொன்றையும் எளிமையாக விளக்கிய அந்தக் கட்டுரையை மகிழ்ச்சியோடுதான் படித்துக்கொண்டு வந்தேன். நோய்த்தடுப்பு பற்றிய பத்திக்கு வந்தபோது மனம் துணுக்குற்றது. யூவி ஸ்டெரிலைசர் எனப்படும் புற ஊதா விளக்கு ஒன்றைத் தொட்டியோடு இணைத்துவிட்டால் வெண்புள்ளி நோய் அண்டாது என்றும், புதிதாக வாங்கும் மீன்களைத் தனிமைத் தொட்டியில் வைத்துக் கவனிக்கும் சிரமம் இனி இல்லை என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. இவை இரண்டுமே தவறு. கடல்நீர்த் தொட்டிகளை நெடுங்காலமாகப் பராமரித்து வருபவன், புதிதாகத் தொடங்குவோருக்கு என்னால் இயன்ற உதவியைச் செய்து வருபவன் என்ற முறையில், இந்தக் கருத்தை நம்பிப் பணத்தையும் மீனையும் இழந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

புற ஊதா விளக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது நல்ல கருவிதான். ஆனால் எந்த இடத்தில் வைத்தால் அது வேலை செய்யும், எந்த இடத்தில் வைத்தால் நம் மனத்திருப்திக்காக மட்டும் எரிந்துகொண்டிருக்கும் என்பதை வாங்குபவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

கருவியின் அமைப்பு எளிமையானது. ஒரு நீண்ட பிளாஸ்டிக் உறைக்குள் குவார்ட்ஸ் குழாய் ஒன்று இருக்கும். அதற்குள் பாதரச விளக்கு எரியும். குழாய்க்கும் உறைக்கும் இடைப்பட்ட சந்தில் தொட்டி நீர் ஓடும். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை உள்ளேயே தடுத்துவிடும் என்பதால்தான் குவார்ட்ஸ் பயன்படுகிறது. விளக்கிலிருந்து வரும் சுமார் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர், நீரில் மிதந்து வரும் நுண்ணுயிரின் டிஎன்ஏ இழையில் பட்டு, அடுத்தடுத்துள்ள தைமின் மூலக்கூறுகளைத் தவறாக ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அதன்பின் அந்த உயிரால் ஒழுங்காகப் பெருக முடியாது. ஒரு நுண்ணுயிர் பெறும் கதிரளவு இரண்டைப் பொறுத்தது. விளக்கு எவ்வளவு வலிமையாக எரிகிறது என்பது ஒன்று. அந்த உயிர் அதன் எதிரே எவ்வளவு நேரம் இருந்தது என்பது மற்றொன்று. பம்பின் வேகத்தை இரட்டித்தால் கதிரளவு பாதியாகிவிடும். இந்தக் கணக்கை மறந்துவிட்டுத்தான் கடைகளில் வாட் எண்ணை மட்டும் சொல்லி விற்கிறார்கள்.

தேவைப்படும் கதிரளவும் எல்லா உயிருக்கும் ஒன்றல்ல. குடிநீரைச் சுத்திகரிக்கும் கருவிகளுக்கு நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்ட அளவுகோல், சதுர சென்டிமீட்டருக்கு 40,000 மைக்ரோவாட்-நொடி. பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அதற்கும் குறைந்த அளவிலேயே அடங்கிவிடும். மீனின் மேல் ஒட்டி வாழும் ஒருசெல் ஒட்டுண்ணிகளோ பாக்டீரியாவைவிடப் பன்மடங்கு பெரியவை. அவற்றுக்கு அந்த அளவு போதாது. நீர் பச்சையாகிவிட்டது, கலங்கிவிட்டது என்பதற்காக வாங்கும் சிறிய விளக்கு நீரைத் தெளிவாக்கிவிடுவதும், அதே விளக்கு மீன் நோயின் முன்னே தோற்றுப்போவதும் இதனால்தான். தெளிந்த நீரைப் பார்த்து, நோய்க்கிருமியும் போய்விட்டது என்று முடிவுகட்டுவது பெரும் பிழை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பல வீடுகளின் சமையலறைச் சுவரில் குடிநீர் சுத்திகரிப்பான் மாட்டியிருக்கிறது. அதிலும் புற ஊதா விளக்கு உண்டு. அது பாதுகாப்பானது என்ற நம்பிக்கையையே மக்கள் மீன்தொட்டிக்கும் கொண்டு வருகிறார்கள். ஆனால் குடிநீர்க் கருவியில் ஒவ்வொரு சொட்டும் விளக்கைக் கடந்துதான் நம் குவளைக்கு வருகிறது. வேறு வழியே அதற்குக் கிடையாது. மீன்தொட்டியில் நிலைமை அப்படியில்லை. நோயைச் சுமக்கும் மீனும், நோய் முளைக்கும் மணலும், நோய் தொற்றப்போகும் மீனும் ஒரே தொட்டியில் இருக்கின்றன. விளக்கோ கீழே சம்ப் எனப்படும் துணைத் தொட்டியில் இருக்கிறது. ஒட்டுண்ணிக்கு விளக்கின் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை.

வெண்புள்ளி நோயின் சுழற்சியைப் பார்த்தால் இது தெளிவாகும். கடல்மீன்களில் இந்த நோயை உண்டாக்குவது கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்னும் ஒருசெல் உயிர். மீனின் தோலுக்கடியிலும் செவுளிலும் மூன்று முதல் ஏழு நாள் வரை தங்கித் தின்று கொழுக்கிறது. அப்போதுதான் உப்புத் தூள் தூவியது போன்ற புள்ளிகள் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. பிறகு மீனை விட்டு இறங்கி, மணலிலோ பாறையிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்கிறது. புள்ளி மறைந்துவிட்டது, விளக்கு வேலை செய்துவிட்டது என்று நாம் மகிழ்வது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் புள்ளி மறைந்தே இருக்கும். உறைக்குள் அது பலமுறை பிளந்து பெருகி, பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் நூற்றுக்கணக்கான நீந்தும் குஞ்சுகளாக வெளிவருகிறது. 72 நாள் வரை காத்திருந்து வெளிவந்த உறைகளும் பதிவாகியுள்ளன. வெளிவந்த குஞ்சு ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். இல்லையேல் அது இறந்துபோகும்.

இந்த முழுச் சுழற்சியிலும் புற ஊதா விளக்கால் தொடக்கூடியது அந்த ஓரிரு நாள் நீந்தும் பருவத்தை மட்டுமே. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. உறைகள் பெரும்பாலும் இருட்டில், விடியலுக்கு முந்தைய நேரத்தில்தான் திறக்கின்றன. அந்த நேரத்தில் டார்ச் அடித்துத் தொட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பகலெல்லாம் ஓயாமல் சுற்றித்திரியும் டாங் மீன், பாறை இடுக்கில் உடம்பைச் செருகிக்கொண்டு, நிறம் வெளுத்து, துடுப்பு மட்டும் மெல்ல அசைய உறங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பாறையிலேயே உறையும் ஒட்டியிருக்கிறது. குஞ்சு கடக்க வேண்டிய தூரம் சில விரற்கடை மட்டுமே. தொட்டியின் விளிம்பேறி, வடிகுழாயில் இறங்கி, சம்ப்பைக் கடந்து, பம்பில் நுழைந்து விளக்கின் முன்னே போய் நிற்கும் வரை அது ஏன் காத்திருக்கப்போகிறது?

பம்பின் கணக்கும் இதையே சொல்கிறது. 400 லிட்டர் தொட்டி ஒன்றில் மணிக்கு 400 லிட்டர் வீதம் விளக்கின் வழியே நீர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் தொட்டி நீர் முழுவதும் விளக்கைக் கடந்துவிடும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. விளக்கைக் கடந்த நீர் மீண்டும் தொட்டிக்கே வந்து, கடக்காத நீரோடு கலந்துவிடுகிறது. ஆகையால் ஒரு மணி நேர முடிவில் ஏறத்தாழ 63 விழுக்காடு நீர்தான் விளக்கைப் பார்த்திருக்கும். மீதி 37 விழுக்காடு இன்னும் பார்க்கவே இல்லை. மூன்று மணி நேரம் ஆனாலும் ஐந்து விழுக்காடு எஞ்சியிருக்கும். சரி, பம்பை நான்கு மடங்கு வேகமாக்கலாமே என்றால், கதிரளவு நான்கில் ஒன்றாகக் குறைந்து, ஒட்டுண்ணி உயிரோடு மறுபக்கம் வந்துவிடும். வேகமும் வேண்டும், கதிரளவும் வேண்டும் என்றால் பெரிய விளக்கு வேண்டும். வீட்டுத் தொட்டிக்கு அப்படிப்பட்ட விளக்கை வாங்குவோர் மிகச் சிலரே.

என் தொட்டியில் விளக்கு வைத்தபின் நோயே இல்லை என்று நேர்மையாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. விளக்கு நீந்தும் குஞ்சுகளின் எண்ணிக்கையை ஓரளவு குறைக்கிறது என்பது உண்மை. அதோடு, வெண்புள்ளி நோயில் பிழைத்த மீனுக்குச் சில மாதங்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. நோய் மறையவில்லை, மீன் தாக்குப்பிடிக்கிறது. அந்தத் தொட்டியில் எதிர்ப்பாற்றல் இல்லாத புதிய மீன் ஒன்றை விட்டாலோ, கோடையில் சில்லர் பழுதாகி நீர் சூடேறி மீன்கள் தளர்ந்தாலோ புள்ளிகள் திரும்ப வந்துவிடும். அப்போது விளக்கைக் குறை சொல்வார்கள். விளக்கின் மேல் பிழையில்லை. தன்னால் ஆகாத வேலையை அதன் தலையில் கட்டியதுதான் பிழை.

மற்ற நோய்களைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம். வெல்வெட் நோயை உண்டாக்கும் அமைலோடினியம், மீன்களைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும். அதன் வேகத்துக்கு விளக்கு ஈடுகொடுக்காது. க்ளௌன் மீன்களைத் தாக்கும் புரூக்லினெல்லா மீனின் உடம்பிலேயே இரண்டிரண்டாகப் பிளந்து பெருகுவது. விளக்கை அது சந்திக்க வேண்டியதே இல்லை.

விளக்கின் மேல் இத்தனை ஆசை ஏன் வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. மீன் மட்டும் உள்ள தொட்டியென்றால் செம்பு மருந்து போட்டு ஒட்டுண்ணியை ஒழிக்கலாம். பவளம் உள்ள தொட்டியில் அதைச் செய்ய முடியாது. மீனைக் காப்பாற்றும் அதே செம்பு பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்; பாறையிலும் மணலிலும் ஏறித் தங்கிவிடும். எந்த மருந்தும் போட முடியாத ஒரு தொட்டியில், மருந்தில்லாமல் ஒளியாலேயே நோயைத் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால், கையறு நிலையில் இருப்பவர் அதை நம்பத்தான் செய்வார். நோயுற்ற மீனை வைத்துக்கொண்டு செய்வதறியாமல் நிற்பவரிடம் இந்தக் கருவியை விற்பது எளிது.

அப்படியானால் விளக்கு எங்கே உண்மையில் தேவைப்படுகிறது? என் உறுதியான கருத்து, அது முதலில் தேவைப்படுவது கடல்மீன் விற்கும் கடைகளில்தான். கொளத்தூரிலோ வேறெங்கோ, கடல்மீன் விற்கும் கடையொன்றில் சுவரோரம் அடுக்கியிருக்கும் தொட்டிகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் அவையெல்லாம் ஒரே சம்ப்பில் வடிந்து, ஒரே பம்பினால் மீண்டும் நிரம்புகின்றன. மேல்வரிசையில் இருக்கும் நோயுற்ற மீனிடமிருந்து கீழ்வரிசை மீனுக்கு ஒட்டுண்ணி போக வேண்டுமென்றால், வலையும் கையும் வழியாகப் போவது நீங்கலாக, அதற்கு ஒரே பாதைதான் உண்டு: வடிகுழாய், சம்ப், பம்ப். அந்தப் பாதையில் போதிய வலிமையுள்ள விளக்கு இருந்தால், சமையலறைச் சுவரில் இருக்கும் கருவியைப் போலவே, கடக்கும் நீர் அனைத்தும் அதைச் சந்தித்தே தீர வேண்டும். நன்னீர் வெண்புள்ளி நோய் பற்றி 1983-இல் வெளியான ஆய்வொன்று, மறுசுழற்சி நீரில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 92,000 மைக்ரோவாட்-நொடி அளவில் புற ஊதாக் கதிர் பாய்ச்சியபோது ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு நோய் பரவுவது தடைப்பட்டதைக் காட்டியது. தொட்டிக்குத் தொட்டி பரவுவதுதான் அங்கே தடைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். நான் பார்த்த கடை ஒன்றில், வாடிக்கையாளருக்கு விற்க யூவி கருவிகள் அட்டைப்பெட்டியோடு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அந்தக் கடையின் சொந்தத் தொட்டிவரிசையில் ஒன்றுகூட இல்லை. வியாதி தொடங்கும் இடத்தில் வைக்காமல், வியாதியை வாங்கிக்கொண்டு போகிறவர் தலையில் செலவைக் கட்டுவது நியாயமில்லை.

இரண்டாவது இடம், உள்ளே வரும் கடல்நீர். உப்புக்கலவை விலை அதிகம் என்பதால் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் போய்க் கேன்களில் கடல்நீர் பிடித்து வருவோர் உண்டு. மரக்காணம் போன்ற ஊர்களின் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் கடல்நீரை அப்படியே பயன்படுத்துவதில்லை. மணல் வடிகட்டி, குளோரின், புற ஊதா எனப் பல கட்டங்களைத் தாண்டித்தான் அது குஞ்சுகளிடம் போகிறது. வீட்டிலும், பிடித்து வந்த நீரை வடிகட்டி, ஒரு டிரம்மிலிருந்து இன்னொரு டிரம்முக்கு மெதுவாக விளக்கின் வழியே செலுத்திவிட்டுப் பயன்படுத்தினால் விளக்குக்குக் கொடுத்த காசு வீண்போகாது.

மூன்றாவதாக, பவளத் தொட்டிக்குள்ளேயே விளக்கு கைகொடுக்கும் ஒரு தொல்லை உண்டு. அதைப் பற்றி எழுதாவிட்டால் என் கடிதம் ஒருபக்கச் சார்பாகிவிடும். மணல் மீதும் பாறை மீதும் பழுப்பு நிறத்தில் சளி போலப் படர்ந்து, நுனியில் காற்றுக் குமிழோடு இழுபடும் படலத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். டைனோஃபிளாஜெலேட் எனப்படும் நுண்ணுயிர்களின் இந்தப் படலத்தைத் தொட்டிக்காரர்கள் சுருக்கமாக டைனோ என்பார்கள். அது ஒரே உயிரல்ல, பலவகை உண்டு. அந்தச் சளியில் ஒரு துளியை எடுத்து, 400 மடங்கு பெரிதாக்கும் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஒருபுறம் கூம்பிய துளி வடிவில், ஏதோ நூலில் கட்டியது போல ஒரே புள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தால் அது ஆஸ்ட்ரியாப்சிஸ். முட்டை வடிவில், ஒருமுனையில் சிறு மூக்கோடு மெல்ல வழுக்கிச் சென்றால் அது ஆம்ஃபிடினியம். முதல் வகை இரவில் பாறையை விட்டு நீரில் மிதக்கிறது; அப்போது விளக்கு அதை வாரிக் குறைத்துவிடும். தொட்டியிலிருந்தே நேரடியாக நீரை இழுத்துத் தொட்டிக்கே திருப்பிவிடும்படி பொருத்தினால் பலன் இன்னும் வேகமாகத் தெரியும். இரண்டாம் வகையில் பெரிய செல் கொண்டவை மணலை விட்டு அதிகம் எழுவதில்லை. அவற்றுக்கு விளக்கை இரவு பகலாக எரித்தாலும் பயனில்லை. ஆஸ்ட்ரியாப்சிஸில் சில இனங்கள் பாலிடாக்சின் வகை நச்சைச் சுரப்பவை. தொட்டியில் நத்தைகள் காரணமின்றிச் சாகத் தொடங்கினால் அதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆக, விளக்கு வாங்கும் முன் மைக்ரோஸ்கோப்பை இரவல் வாங்கியாவது ஒருமுறை பாருங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது.

விளக்கே வேண்டாம் என்பவர்களின் அச்சம் ஒன்றையும் தீர்த்துவைக்க வேண்டும். விளக்கு நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும், அம்மோனியா ஏறிவிடும் என்பார்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழ்பவை. விளக்கின் முன்னே அவை வருவதில்லை. எனவே முதிர்ந்த தொட்டியில் அந்தப் பயம் தேவையற்றது. ஆனால் நீரில் மிதக்கும் பாசி நுண்ணுயிர்கள், பாக்டீரியாக்கள், பவளத்துக்கும் வடிகட்டி உண்ணும் உயிர்களுக்கும் இரையாகும் நுண்மிதவைகள் இவை குறையும் என்பது உண்மைதான். பவளத்துக்கென்று நுண்பாசி ஊற்றுபவர்கள் அந்தச் சில மணி நேரம் விளக்கை அணைத்து வைக்க வேண்டும். புட்டியில் வரும் பாக்டீரியாவை ஊற்றும்போதும் அப்படியே. நீரில் கரைந்தே இருக்கும்படி செலேட் வடிவில் சேர்க்கும் இரும்புச்சத்து, சில மருந்துகள் ஆகியவற்றையும் இந்தக் கதிர் சிதைத்துவிடும் என்பதைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை.

வாங்கிய பிறகு பராமரிப்பு இருக்கிறது. விளக்கின் ஆயுள் பொதுவாக 8,000 முதல் 9,000 மணி நேரம். இடைவிடாது எரிந்தால் ஏறத்தாழ ஓராண்டு. அதற்குப் பிறகும் அது எரியும். அதே நீல ஒளி தெரியும். ஆனால் நாம் பார்க்கும் அந்த நீலம் வேலை செய்யும் கதிரல்ல. வேலை செய்யும் கதிர் கண்ணுக்குத் தெரியாது, அது முன்பே மங்கியிருக்கும். நண்பர் ஒருவரின் தொட்டியில், விளக்கு எரிந்தும் நீர் கலங்கியே இருக்கிறது என்று அவர் அழைத்தபோது, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் குவார்ட்ஸ் குழாயை வெளியே எடுத்தோம். குழாய் முழுவதும் சுண்ணாம்பு படிந்து, அதன்மேல் பழுப்புப் படலமும் ஏறி, மறுபக்கம் பிடித்த விரல் தெரியாத அளவுக்கு மங்கிப்போயிருந்தது. விளக்கு புதியதுதான், கதிர் குழாயைத் தாண்டவே இல்லை. வினிகரில் ஊறவைத்து மென்துணியால் துடைத்த பிறகுதான் கண்ணாடித் தன்மை திரும்பியது. கால்சியமும் காரத்தன்மையும் உயர்த்தி வைத்திருக்கும் பவளத் தொட்டியில் இந்தப் படிவு விரைவில் ஏறும். சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். நீர் மஞ்சளித்திருந்தாலும் கதிர் குறையும் என்பதால் நிறத்தை உறிஞ்சும் கார்பன் பயன்படுத்துவது நல்லது.

இணையச் சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் சில எல்இடி விளக்குகள் யூவி என்ற பெயரோடு வந்தாலும், அவை தருவது 395 முதல் 405 நானோமீட்டர் ஊதா ஒளிதான். நுண்ணுயிரைச் செயலிழக்கச் செய்யும் 254 நானோமீட்டர் கதிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அலைநீளம் அச்சிடாத பெட்டியை வாங்க வேண்டாம்.

சென்னை வெயிலில் இன்னொரு கணக்கும் உண்டு. பவளத் தொட்டியை 25, 26 டிகிரியில் வைத்திருக்க ஏற்கெனவே சில்லர் ஓடுகிறது. விளக்குக்குச் செலவாகும் மின்சாரம் பெரும்பாலும் வெப்பமாகி நீரிலேயே சேர்ந்து சில்லரின் சுமையைக் கூட்டும். 25 வாட் விளக்கு நாள் முழுதும் எரிந்தால் இரண்டு மாத மின்கட்டணச் சுற்றில் 36 யூனிட் ஆகும். இது பெரிய தொகையல்ல. ஆனால் பயனில்லாத இடத்தில் எரியும் விளக்குக்கு அதுவும் வீண்செலவே. பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். எரியும் விளக்கை உறையின்றிப் பார்க்கவே கூடாது. சில மணி நேரம் கழித்துக் கண் உறுத்தி, நீர் வடிந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போகும். குவார்ட்ஸ் குழாயில் விரிசல் விட்டால் உப்புநீரும் மின்சாரமும் ஒன்றாகிவிடும் என்பதால், 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்புச் சாதனம் இல்லாத இணைப்பில் இதைப் பொருத்தக் கூடாது. காலாவதியான விளக்கில் பாதரசம் இருக்கிறது. அது மின்னணுக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. மாநகராட்சிக் குப்பைத் தொட்டியில் அதைப் போடக் கூடாது.

தனிமைத் தொட்டி வைப்பதற்கு ஆகும் செலவு, நல்ல யூவி கருவி ஒன்றின் விலையைவிடக் குறைவு. 60 லிட்டர் அளவில் வெறும் கண்ணாடித் தொட்டி, நல்ல பாக்டீரியா வளரும்படி முன்பே பழக்கிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிந்துகொள்ளப் பிவிசி குழாய்த் துண்டுகள். மணலும் பாறையும் வேண்டாம். அதில் அளவறிந்து செம்பு மருந்து கொடுக்கலாம். மருந்து வேண்டாமென்றால், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனை வேறொரு தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போய்ப் பன்னிரண்டு நாளில் வெண்புள்ளிச் சுழற்சியை அறுக்கலாம். மீனை விட்டு இறங்கிய ஒட்டுண்ணி உறையிலிருந்து வெளிவருவதற்குள் மீன் அங்கிருந்து போய்விடும், பழைய தொட்டியை உலரவைத்துவிடலாம். வெல்வெட் நோய்க்கு இந்த வழி போதாது, அதற்குச் செம்புதான். பவளத் துண்டின் அடிக்கல்லிலும் நத்தை ஓட்டிலும்கூட உறைகள் ஒட்டி வரலாம் என்பதால், அவற்றையும் மீனில்லாத தொட்டியில் 76 நாள் வைத்திருந்து சேர்ப்பதே முறை. இத்தனை நாள் யார் காத்திருப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: அந்த டாங் மீன் கடலிலிருந்து பிடிக்கப்பட்டு, பல கைகள் மாறி, நம்மை நம்பி வந்திருக்கிறது, அதற்கு அந்த இரண்டரை மாதத்தை நாம் கொடுக்கலாம். முடிந்தவரை தொட்டியில் பிறந்த மீன்களையே கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் க்ளௌன் மீன்களை இனப்பெருக்கம் செய்துகாட்டியுள்ளன. கடலின் ஒட்டுண்ணிகளைச் சுமந்து வரும் வாய்ப்பு அப்படிப்பட்ட மீன்களில் குறைவு.

கடைக்காரர்களிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் தொட்டிவரிசையின் பொதுப் பம்பில் முதலில் போதிய விளக்கைப் பொருத்துங்கள். மீன் எந்தத் தேதியில் வந்தது என்பதை ஒவ்வொரு தொட்டியிலும் எழுதி ஒட்டுங்கள். யூவி கருவி விற்கும்போது, எத்தனை லிட்டர் வேகத்தில் எவ்வளவு கதிரளவு கிடைக்கும் என்று வாட் எண்ணோடு சேர்த்து எழுதிக்கொடுங்கள். அதைத் தர மறுக்கும் நிறுவனத்தின் பொருளை நீங்களும் வாங்கி வைக்காதீர்கள். ஆயுள் முடிந்த விளக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். தங்களிடம், ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இதுதான். கோடை விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகளின் ஆசைக்காகப் புதிதாகத் தொட்டி வாங்குவோர் கடைகளில் கூடிவிடுவார்கள். அந்தக் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்களும் அவர்களில் இருப்பார்கள். விடுமுறைக்கு முன்பாகவே, தனிமைத் தொட்டி தேவையில்லை என்ற அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
பெரம்பூர், சென்னை